ரோலுக்குள் நிற்க வேண்டிய பெரியவர்

மணவாள நகரைத் தாண்டினால் அந்த நாளில் இரண்டு பக்கமும் வயல்தான். வயலுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை. காகித ஆலைகளுக்கும் துணி ஆலைகளுக்கும் வேண்டிய பெரிய இரும்பு ரோல்களைக் கடைந்து, குரோமியம் பூசி, மெருகேற்றி அனுப்புகிற இடம் அது. வாசலில் ஏதோ இங்கிலீஷ் பெயர் எழுதியிருந்தது. ஊரில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'பெரியவர் ஷெட்' என்றால்தான் ஜட்காக்காரனுக்கே தெரியும்.

ரோல் என்றால் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன், ஆள் உயரம். மெருகு முடிந்து சுவரோரம் நிறுத்திவிட்டால் அதில் முகம் பார்க்கலாம். ஆனால் பார்த்த முகம் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வந்துவிடும். வளைந்த கண்ணாடி ஆயிற்றே! எப்பேர்ப்பட்ட குண்டனும் அதற்குள் ஈர்க்குச்சியாகத்தான் நிற்பான்.

அந்த ரோல்களுக்கு மெருகு போட்டவன் குப்புராஜ். செவ்வாப்பேட்டைப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம். சங்கு ஊதினால் வேலைக்குப் போய், சங்கு ஊதினால் வீடு திரும்புகிற முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் அவன்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு. சாயங்காலம் வரும்போது மெருகுத் தூள் அப்பி, கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பாக இருக்கும். அவன் மனைவி செண்பகம் வாசலிலேயே மறித்துக்கொள்வாள்.

"இன்னாய்யா, யாரு நீ? எங்க ஊட்டுக்காரரு இன்னும் வர்லயே. அப்பால வா."

தினமும் இதே கேலிதான். தினமும் அவனுக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகவே ரயிலில் அவன் முகத்தைத் துடைத்துக்கொள்ளாமல் வருவான் என்று கூட வேலை பார்த்த ஜெயராஜ் சொல்வான்.

பெரியவர் என்று நான் சொன்னது ஜகந்நாதனை. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்து வந்த குடும்பத்தில் பிறந்து, போயும் போயும் இரும்பைத் தொட்டவர் என்று சொந்தக்காரர்கள் கடைசிவரைக்கும் மூக்கைச் சுளித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. தொந்தியை மூட முடியாமல் திணறும் கோட்டு, கனத்த மூக்குக் கண்ணாடி, வெயிலோ மழையோ இடது முழங்கையில் தொங்கும் ஒரு குடை. விடிந்ததும் ஷெட்டுக்கு வந்து, ஒவ்வொருத்தன் பக்கத்திலும் நின்று, "என்னடா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தன் அறைக்குப் போவார். சாப்பிடாமல் வந்தவனுக்கு மிஷின் பக்கம் போக அனுமதி கிடையாது. முதலில் இட்லி, பிறகுதான் இரும்பு. இப்படி ஒரு முதலாளி இருந்தார் என்று இப்போது சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். சொல்லட்டும்.

பிறகு அவருக்கு வயிற்றில் என்னவோ வந்தது. மாதத்துக்கு மாதம் அவர் இளைக்க இளைக்க, கோட்டு பெரிதாகிக்கொண்டே போனது. அப்படியும் வந்தார். ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு மெருகுப் பக்கம் உட்கார்ந்திருப்பார். ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். பார்க்காத ஒரே ஆள் அவருடைய மகன் யதிராஜன். பம்பாயில் பெரிய கம்பெனியில் உத்தியோகம். தந்தி கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்து போயிருந்தது.

யதிராஜன் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து ஷெட்டை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருக்கு மிஷின்களின் பெயர் தெரிந்ததே தவிர மனிதர்களின் பெயர் தெரியவில்லை. நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார், நடுவில் யாரையும் எதுவும் கேட்கமாட்டார். இட்லி சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாமல் போனதும் ஷெட்டே ஒரு சுற்று இளைத்தது போல இருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது குப்புராஜுக்கு அந்த யோசனை வந்தது. ஆயுத பூஜை என்றால் ஷெட்டில் அது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மேல். ஒவ்வொரு பக்கத்து ஆட்களும் தங்கள் மிஷினை ஜோடிப்பார்கள். எவன் ஜோடனை நன்றாக இருக்கிறது என்பதில் வெட்டுக்குத்து வராத குறைதான். அன்றைக்கு மட்டும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே வரலாம். குப்புராஜுக்குச் சிறு வயதிலிருந்தே ஏரிக் களிமண்ணில் கை வரும். மாடு பிடிப்பான், மனிதனைப் பிடிப்பான். பெரியவரை மண்ணில் பிடித்து நிறுத்தலாம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் ரோலுக்கு முன்னாலேயே வாழ்கிறவன் அல்லவா, புத்தி அதோடு நிற்கவில்லை. பெரியவரை ரோலுக்குள்ளேயே நிற்க வைத்துவிட்டால் என்ன?

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் வேலை நடந்தது. மெருகு முடிந்து நின்ற ஒரு ரோலுக்கு முன்னால் பலகை போட்டு, நடுவில் குச்சி கட்டி, அதில் மண்ணை அப்பினான். கண் மண்ணைப் பார்க்கவே பார்க்காது. ரோலைப் பார்த்துக்கொண்டே கை போகும். ரோல் ஆளை ஒடுக்கிக் காட்டும், ஆகவே மண்ணை அகலமாக இழுக்க வேண்டும். வெளியே நின்று பார்த்தால் முழங்கால் உயரத்தில், மாட்டுவண்டி ஏறி இறங்கிய மாதிரி, வாய் ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் பிளந்த ஏதோ ஒரு ஜந்து. ஆனால் அதன் பின்னால் நின்று ரோலை எட்டிப் பார்த்தால், உள்ளே தொந்தியும் கோட்டும் கண்ணாடியும் குடையுமாகப் பெரியவர் நிற்பார். இப்போதுதான் வந்து, நாஷ்டா ஆச்சா என்று கேட்கப் போகிறவர் மாதிரி.

முதலில் பார்த்தவன் ஜெயராஜ். "டேய் குப்பு, ஆயுத பூஜ வரிக்கும் ஒருத்தர் கண்ணுலயும் காட்டாதடா. அன்னிக்குப் பாக்கணும்டா ஜனங்க" என்றான். ஜெயராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவன். ஆயுத பூஜை ஜோடனையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றிலிருந்து மண் பெரியவர் சாக்குக்குள்தான் இருந்தார்.

குப்புராஜ் கணக்கில் விட்டது ஒன்றுதான். பூஜையை ஒட்டி ஷெட்டில் எந்தச் சாமானும் நகராது. பெரியவர் காலத்து வழக்கம் அது. அதை நம்பித்தான் முதல் நாள் சாயங்காலம் பொரியும் கடலையும் வாங்க அவன் கடைத்தெருவுக்குப் போனான். பம்பாயில் இருந்தவருக்கு அந்த வழக்கம் எப்படித் தெரியும்? ஆலைக்காரர்கள் அவசரப்படுத்தியதும் லாரியை வரவழைத்து ரோலை ஏற்றி அனுப்பிவிட்டார். குப்புராஜ் திரும்பி வந்தபோது ரோல் நின்ற இடத்தில் வெறும் சுவர்தான் இருந்தது. ஷெட்டில் மெருகு முடிந்த ரோல் வேறு ஒன்றும் இல்லை. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. மண் பெரியவரைச் சாக்கோடு மூலையில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனான். யார் கண்ணிலும் படாமல் இருந்தால் சரி.

ஆனால் ஆயுத பூஜையன்று ஷெட்டில் கண்ணில் படாத பொருள் என்று ஒன்று உண்டா? சூப்பர்வைசர் பூவராகவன் சந்தனக் கிண்ணத்தோடு புறப்பட்டால் சுத்தியலிலிருந்து துடைப்பம் வரைக்கும் பொட்டு வைக்காமல் விடமாட்டார். சாக்கு போர்த்தி மூலையில் ஏதோ இருப்பதைப் பார்த்தார். ஏதோ கருவி, பொட்டு வைக்க மறந்துவிட்டார்கள் என்று சாக்கை இழுத்தார்.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு எங்கேயோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை யார் அடக்குவது? கண்ணாடி, கோட்டு, முழங்கையில் குடை. யார் என்று தெரியாமல் இருக்க வழியே இல்லை. பெரியவரைத் தவளையாக்கி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து யதிராஜன் உள்ளே வந்தார்.

சிரிப்பு நின்றது. அவர் அதைப் பார்த்தார். முகம் வெளிறியது.

"யார் பண்ணினது?"

குப்புராஜ் முன்னால் வந்தான். "நான்தாங்க. ஆனா ரோலு முன்னால வச்சிப் பாத்தா செரியா தெரியுங்க. நேத்து அந்த ரோலு பூட்ச்சிங்க…"

பின்னால் யாரோ மறுபடி சிரித்தார்கள். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

"அவர் போட்ட சோத்தைத் தின்னுட்டு அவரையே கேலி பண்றியா? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம். இதை வெளியில கொண்டுபோய் உடைச்சுப் போடு."

வேலை போனதுகூட அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. கூட உழைத்தவர்கள் ஒருவரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பெரியவரை இவன் கேலி செய்தான் என்று அவர்களும் நம்பிவிட்டார்கள். அதுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஜெயராஜ் மட்டும் பலகையின் ஒரு முனையைத் தூக்கினான்.

வாசலில் யதிராஜனின் கறுப்பு பியட் நின்றிருந்தது. பூஜைக்காகக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். அதன் நிழலில் பலகையை இறக்கினார்கள். செண்பகம் ஓடிவந்தாள்.

"இன்னா பேஜாருய்யா இது! இத்த ஏன் செஞ்ச நீ? கட்னவ மூஞ்சிய ஒரு தபா செஞ்சிருப்பியா?" என்று திட்டிக்கொண்டே அப்படியே காருக்கு முன்னால் குந்திவிட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தவள் பம்பரில் தன் முகத்தைப் பார்த்தாள். "ஐய, இதப் பாரேன். அப்பளம் மாரி கீறேன்."

குப்புராஜ் திரும்பினான். குரோமியம் பூசிய பம்பர், வளைந்த பம்பர். ரோல் நிற்கிறது, ஆளை ஒல்லியாக்கியது. இது படுத்திருக்கிறது, ஆளைத் தட்டையாக்குகிறது. அப்படியானால்?

"ஜெயராசு, பலகையப் புடி. பெரியவரப் படுக்க வைக்கணும். பக்கவாட்டுல. விட்றாதடா!"

இரண்டு பேருமாகப் பலகையோடு சாய்த்து, மண்ணின் முகம் பம்பரைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டார்கள். அதற்குள் உள்ளேயிருந்து யதிராஜனும் பூவராகவனும் வந்துவிட்டார்கள்.

"இன்னும் உடைக்கலையா?"

"ஒரே ஒரு தபா குந்திப் பாருங்க. தலய கொஞ்சம் சாச்சிக்கினு பாருங்க. அப்பால நானே ஒடச்சிட்டுப் போறேன்."

யதிராஜன் அசையவில்லை. பூவராகவன்தான் சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். வயதான மனிதர், முனகிக்கொண்டே குனிந்தவர் பாதியில் அப்படியே நின்றார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். "சுவாமி, ஒரு தரம் சேவியுங்கோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

யதிராஜன் பட்டு வேட்டியோடு மண்டியிட்டார். ஒரு கையைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்து, காது மண்ணைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்தார்.

குப்புராஜும் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே இருந்தது பெரியவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவன் செய்த பெரியவர் இல்லை. பம்பரின் வளைவு ரோலைவிட இறுக்கமானது, ஆகவே ஆளை இன்னும் அதிகமாக ஒடுக்கிவிட்டது. தொந்தி இல்லை. கன்னம் உள்ளே போயிருந்தது. கோட்டு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. முக்காலியில் உட்கார்ந்திருந்த கடைசி மாதத்துப் பெரியவர். அதையா அவன் செய்தான்? கனவிலும் இல்லை. நல்லாயிருந்த மனுஷனைத்தான் அவன் செய்தான்.

ரோலில் பார்த்தால் இப்படி இருக்காது, பம்பர்தான் காரணம் என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் அது உண்மைதான்.

"கடைசியில இப்படித்தான் இருந்தாரா?"

யதிராஜன் தலையைத் தூக்காமலே கேட்டார். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. குப்புராஜ் ஜெயராஜைப் பார்த்தான். ஜெயராஜ் தரையைப் பார்த்தான்.

"ஆமாங்க" என்றான் குப்புராஜ்.

"இவ்வளவு இளைச்சிருந்தாரா?"

"இத்தவிட மோசங்க. குடயக்கூட ஜெயராசுதான் தூக்கிக்கினு வருவான். அப்பயும் சாப்ட்டியாடான்னுதாங்க கேப்பாரு."

"எனக்கு ஏன் ஒருத்தரும் எழுதலை?"

பூவராகவன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குப்புராஜ்தான் சொன்னான்.

"அவருதாங்க வாணாம்னாரு. புள்ள அங்க நல்லாக் கீறான், பாத்தா பயந்துடுவான், என்ன இப்படிப் பாக்க வாணாம்னு எங்க எல்லார்கிட்டயும் கையடிச்சி வாங்கிக்கினாருங்க."

யதிராஜனின் முதுகு குலுங்கியது. உள்ளே கற்பூரம் காட்டிவிட்டு மணி அடித்தார்கள். பொரி வாங்கக் குழந்தைகள் கத்தின. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள், யாரும் சிரிக்கவில்லை. பலகையைப் பிடித்திருந்த குப்புராஜின் கை கடுக்க ஆரம்பித்தது. காய்ந்த மண்ணில் குடைப் பக்கம் ஒரு கீறல் விட்டது. நிமிர்த்திவிடலாமா என்று ஜெயராஜ் கண்ணாலேயே கேட்டான்.

"நிமிர்த்திடாதீங்கோ" என்றார் யதிராஜன், பம்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்ச நாழி பிடிச்சிண்டு இருங்கோ. நான் இப்பத்தான் வந்திருக்கேன்."

குப்புராஜ் முட்டியைத் தரையில் ஊன்றி, பலகையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.