எல்லை தாண்டாத ஊரும் என் மகளின் ஃபெலோஷிப்பும்

1995 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். வானம் மூடிக்கொண்டிருந்தது; மழையும் இல்லை, காற்றும் இல்லை, புழுக்கம் மட்டும். அஸ்தினாபுரத்தில் எங்கள் காலனி நலச் சங்கத்தின் கூடத்தில் அறுபது நாற்காலி போட்டிருந்தோம். பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினொருவரும் காலனிக்காரர்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பழைய ஊரிலிருந்து ஒருவர்கூட வரவில்லை.

என் மகள் சுமதி தாம்பரத்தில் எம்.ஏ. முடித்தவள். நகரத்தைப் பற்றி அங்கே வசிப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு ஒரு ஃபெலோஷிப் இருந்தது. மழைத் தண்ணீர் ஏன் எங்கள் காலனியிலும் ஊரிலும் தேங்குகிறது என்று ஆராய்வதாக எழுதி விண்ணப்பித்திருந்தாள். இரண்டு பக்கத்து மக்களும் ஓரிடத்தில் கூடித் தங்கள் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கேட்க ஒரு பேராசிரியை பத்தே முக்காலுக்கு வருவதாக இருந்தது. இது கிடைக்காவிட்டால் அவள் படிப்பு அதோடு சரி. என் பென்ஷனில் மேற்கொண்டு படிக்கவைக்க முடியாது.

அன்று நான் பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. சுமதி அழவில்லை. "அப்பா, நீங்க போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க. மேடம் வந்தா நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ரோட்டைக் கடந்தேன். ஊர்த் தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். அம்மன் கோயிலில் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெரிய அண்டாக்களில் கூழ். அரிசிக் கடை ஏகாம்பரம் நின்றிருந்தார். ஊருக்குப் பெரியவர், எங்கள் மனைகளில் பாதி அவர் வீட்டு நிலம். கையில் மஞ்சள் கயிறு.

"வரேன்னு சொன்னீங்களே" என்றேன்.

"வெள்ளிக்கெழம காப்பு கட்டிகினோம் சார். கட்டினவன் எல்லைய தாண்டுவானா? நாங்க இல்லாம ஊரு மட்டும் வந்து இன்னா பேசும்?"

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னப்ப தலையாட்டினீங்க."

"ஞாயிறுன்னுதான் சொன்னீங்க. எடம் ரோட்டுக்கு அந்தாண்டன்னு சொல்லலையே. பஞ்சாங்கம்லாம் பாத்தீங்க, எங்க ஆத்தாவ பாத்தீங்களா?"

ராகுகாலம், எமகண்டம் எல்லாம் கணக்குப் பார்த்துத்தான் சுமதிக்கு நேரம் சொல்லியிருந்தேன். ஆடி மாதத்தில் இந்த ஊர் காப்புக் கட்டும் என்பது காலனியில் எந்த ஆணுக்கும் தெரியாது.

காலனிக்காரர்களை இங்கே அழைத்து வருவதும் நடக்காத காரியம். சாக்கடை விஷயமாக ஐந்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேறு வழி தெரியாமல் முதல் முறையாக அந்தச் சந்நிதிக்குள் போனேன். "தாயே, உன் பிள்ளைகளை எல்லை தாண்டச் சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களை இந்தப் பக்கம் கொண்டுவா. என்னால் ஆகாது" என்று வேண்டினேன்.

திரும்பியபோது பேராசிரியை வந்துவிட்டிருந்தார். காப்புக் கட்டிய விஷயத்தைச் சுமதியிடம் சொன்னேன். அவள் ஒன்றையும் மறைக்காமல் அவரிடம் சொன்னாள். "இடத்தை நாங்க தப்பா வெச்சுட்டோம் மேடம். அவங்க வர முடியாது, நாமதான் போகணும்."

சங்கச் செயலாளர் நடராஜன் எழுந்தார். "கூழ் ஊத்தற எடத்துல என்ன ஆராய்ச்சிம்மா? நாங்க அங்க போய் உக்கார மாட்டோம். எங்களுக்கும் அந்த ஊருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. அவர் மனைவி கோமதி, கையில் பெரிய தூக்குப் பாத்திரத்தோடு கூடத்தின் வாசலைத் தாண்டிப் போனார். பின்னால் காலனிப் பெண்கள் ஆறு பேர். ஒவ்வொருவர் கையிலும் பாத்திரம்.

"நீ எங்க போற?" என்றார் நடராஜன்.

"கூழ் வாங்க. பையனுக்கு அம்மை போட்டப்போ வேண்டிக்கிட்டேன். நாலு வருஷமா போறேன். வீட்ல நீங்களும் குடிச்சிருக்கீங்க, நல்லாருக்குன்னு சொல்லி."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. பேராசிரியை தன் பையை எடுத்துக்கொண்டார். "சம்பந்தம் இருக்கு போல இருக்கே. வாங்க, போகலாம்."

சுமதி வரைபடச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பெண்களோடு முன்னால் நடந்தாள். ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பேரும் வந்தார்கள். நடராஜன் கடைசியாக வந்தார், ஆனால் வந்தார்.

பந்தலின் கீழே தரையில்தான் கூட்டம் நடந்தது. நூற்று நாற்பது பேர்வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். முதலில் சண்டைதான்.

"உங்க காலனியே எங்க வயல்ல கட்டிகீது சார். தண்ணி அது வந்த வழியில வருது. நடுவுல வூடு கட்டிகினு தண்ணிய திட்டினா?" என்றார் ஏகாம்பரம்.

"பத்திரத்துல வாய்க்கால்னு போட்டிருந்தா நாங்க ஏன் வாங்கறோம்? வித்தது நீங்கதானே?" என்றார் நடராஜன்.

"வித்தோம். வழிய விக்கலையே."

சுமதி வரைபடத்தைத் தரையில் விரித்து, "அண்ணா, அந்த வழி எதுன்னு இதுல காட்டுங்க" என்றாள். ஏகாம்பரம் குனிந்தார். நடராஜனும் குனிந்தார். பன்னிரண்டு மணிக்குள் இரண்டு பக்கமும் சம்மதம் சொல்லியாயிற்று. பேராசிரியை கூழைக் குடித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. சுமதிக்கு ஃபெலோஷிப் கிடைத்தது.

என் வேண்டுதலுக்கு ஆத்தா அன்றைக்குத்தான் பதில் தந்தாள் என்று நினைத்திருந்தேன். யோசித்தால், நான் கேட்பதற்கு நான்கு வருடம் முன்பே எங்கள் வீட்டுப் பெண்களை அவள் ரோட்டைத் தாண்ட வைத்துவிட்டிருக்கிறாள். கவலைப்படுவது என் பிறவிக் குணம், அது போகவில்லை. ஆனால் இப்போது கவலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரிகிறது. ஆடியில் நானும் காப்புக் கட்டுகிறேன். அந்த நாட்களில் கோயிலிலேயே தங்கிவிடுகிறேன்; பென்ஷன் வாங்கக்கூட எல்லை தாண்டுவதில்லை. இதைப் படிக்கிற அன்பர்களே, நடக்காது என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிற காரியத்தோடு ஒருமுறை அவள் முன்னால் போய் நில்லுங்கள். உங்களுக்கான வழியில் யாரையாவது அவள் ஏற்கெனவே நடக்க விட்டிருப்பாள்.

மறு வருட ஆடிக்கு என் காணிக்கை ஒரு மூட்டை கேழ்வரகு. தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கி, கூலியும் வண்டியும் சேர்த்து, வாழ்நாளில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் கொடுத்தது நானூற்று முப்பத்தெட்டு ரூபாய்.