வேடியப்பனுக்குப் போட்ட டைல்ஸ்

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் தக்காளித் தோட்டத்து ஓரத்தில் வேடியப்பன் நிற்கிறார். வில்லோடு ஒரு வீரனைச் செதுக்கிய நடுகல். மாடு கன்று போட்டால் முதல் பால் அவருக்குத்தான். எண்ணெய்ப் பிசுக்குக்குள் எழுத்து இருப்பதைப் போன வருடம் நான்தான் கவனித்தேன்.

கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒரு பேராசிரியருக்குப் போட்டோ அனுப்பினேன். வட்டெழுத்தாம், ஆயிரம் வருடத்துக்கு மேல் பழசாம். களவு போன மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன் என்பதுவரை படித்துவிட்டார். அவன் பெயர் மண்ணுக்குள் புதைந்திருக்கும் வரியில் இருக்க வேண்டும், நான் வந்து பார்க்கும்வரை யாரும் தொட வேண்டாம் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரெல்லாம் சொன்னேன். தொட வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன்!

அவரை அழைத்துக்கொண்டு போய் இறங்கியபோது வேடியப்பன் நீல பெயிண்டில் பளபளத்தார். மீசைக்குக் கறுப்பு. இடுப்புவரை கான்கிரீட் பீடம், அதன்மேல் டைல்ஸ். எங்கள் வீட்டுக் குளியலறையில் இருக்கும் அதே டைல்ஸ். பேராசிரியர் குனிந்து டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்.

சித்தப்பா பெருமையாக வந்தார். “நீதானம்மா சொன்ன, ஆயிரம் வருசத்து சாமின்னு? அப்பேர்ப்பட்ட சாமியை மண்ணுல நிக்க வைக்கலாமா? கும்பாபிசேகமே பண்ணிட்டோம்.”

“அவரு பேரு அடியில இருக்குதுங்க சித்தப்பா. ஒடச்சாத்தான் படிக்க முடியும்.”

“வேடியப்பன்னு ஊருக்கே தெரியும். இதுல படிக்கறதுக்கு என்ன இருக்குது? கும்பாபிசேகம் பண்ணதுல கடப்பாரை போடுவாங்களா?”

பேராசிரியர் மெல்ல, “மியூசியத்துல வெச்சா பத்திரமா இருக்குங்க” என்றார். அவ்வளவுதான், சித்தப்பா முகம் மாறிவிட்டது.

“அங்க யாருங்க சாமிக்குப் பொங்க வெப்பாங்க?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருப்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். இல்லையென்றால் முட்டாள்தனம் என்று திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

கிளம்பும்போது சித்தப்பா என் கையைப் பிடித்துப் பீடத்தின் முன்பக்கம் கூட்டிப் போனார். புதுக் கறுப்புக் கல்லில் உபயதாரர்கள் பெயரை வெட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, கொட்டை எழுத்தில், என் பெயர்.




“மண்ணுக்குள்ள எழுத்து எந்தப் பக்கம் இருக்கும்?” என்று பேராசிரியரைக் கேட்டேன். அவர் என் பெயர் இருந்த அந்தக் கறுப்புக் கல்லைக் காட்டினார்.