கெளுத்தி முள் குத்திய கை

அறையில் இருந்தவர்கள்: டாக்டர். தட்டு பிடித்த நர்சம்மா. ஸ்டூலில் என் வீட்டுக்காரர். கதவை ஒட்டி அவர் அண்ணன். சுவர் ஓரம் நான்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. எழுபதுகளின் பின்பாதி. மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். பஸ் மாறி வந்திருந்தோம்.

வலையிலிருந்து கெளுத்தி மீனைப் பிடுங்கும்போது என் வீட்டுக்காரர் வலது நடுவிரலில் முள் குத்தியது. புண் ஆறவில்லை. விரலில் ஒரு கட்டி வந்தது. பிறகு புறங்கையில். பிறகு முழங்கை வரை, மணி கோத்த மாதிரி. ஊர்ப்பக்கத்து டாக்டர் ஒருவர் கட்டியைக் கீறி, கண்ணாடியில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தார். சிவப்பாகக் கிருமி தெரிந்தது. குஷ்டமாக இருக்கலாம் என்று இங்கே அனுப்பினார்.

அந்தச் சொல் எங்களுக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. வலையைத் தொடாதே என்றார்கள். கட்டுமரத்தில் நாலு பேர் போவார்கள். மரம் அண்ணனுடையது. முடிவைத் தன் காதால் கேட்கத்தான் அவர் கூட வந்தார். குஷ்டம் என்றால் என் வீட்டுக்காரருக்கு அந்த மரத்தில் இடமில்லை. வேறு எவன் மரத்திலும் இல்லை.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொன்னார்.

"ஊசியால குத்துவேன். வலிச்சா சொல்லு."

கட்டியின் மேல் குத்தினார்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

விரலில் குத்தினார். "இப்போ?"

"ஒண்ணும் தெரியல சார்."

டாக்டர் நர்சம்மாவைப் பார்த்தார். அண்ணன் கதவை விட்டுப் பின்னால் நகர்ந்தார். குஷ்டம் வந்தால் உணர்ச்சி போகும். எங்கள் பக்கம் அது தெரியாதவர் கிடையாது.

எனக்கு இன்னொன்றும் தெரியும். அந்தக் கை போர்வையில் பட்டாலே பல்லைக் கடிப்பார். ஆனால் மரத்தில் வலி என்று வாய் திறந்தவனை மறுநாள் கரையில் விட்டுவிட்டுப் போவார்கள். "இன்னாடா, தூளி கட்டி ஆட்டணுமா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஊசி குத்துவதும் அப்படி ஒரு சோதனை என்று நினைத்துவிட்டார்; அண்ணன் நிற்கும்போது உண்மை சொல்ல மாட்டார்.

"மாமா, ஒரு டீ வாங்கிக்கினு வாங்க. எனக்கு மயக்கமா கீது," என்றேன்.

"ஊசி அவனுக்கு. மயக்கம் உனக்கா?" என்றார் அண்ணன். போனார்.

"சார், பொய் சொல்றாரு. வலி உசுரு போவுது. அண்ணன் இருக்காருன்னு மறைக்கிறாரு."

"நீ சும்மா கெட," என்றார் இவர்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அவரிடம், "எந்த மீன் குத்துச்சு?" என்று கேட்டார்.

"கெளுத்தி சார். பெருசு. இம்மாம்..." இடது கையை விரித்து அளவு காட்டினார். அந்த நேரம் பார்த்து டாக்டர் குத்தினார்.

"அய்யோ, அம்மா!" ஸ்டூல் கவிழ்ந்தது. நர்சம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"உணர்ச்சி நல்லா இருக்கு. குஷ்டம்னா தடிக்கிற நரம்பும் தடிக்கல," என்றார் டாக்டர். "ஆனா கிருமி தெரிஞ்சது நெசம். வளர்த்துப் பாத்துத்தான் சொல்ல முடியும்."

கட்டியில் ஒரு துணுக்கு வெட்டி, இரண்டு குழாயில் போட்டார்கள். ஒன்று உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள். இன்னொன்று சூடு குறைந்த இடத்தில்.

கிருமி வளரச் சில வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை இவர் கரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மரம் மூன்று பேரோடு போய் வந்தது. நான் மீன் கூடை தூக்கினேன். என் மீனை வாங்கவும் யோசித்தார்கள்.

மறுபடி போனோம். அண்ணனும் வந்தார். டாக்டர் குழாய்களைக் காட்டினார். பெட்டியில் வைத்ததில் ஒன்றும் இல்லை. வெளியில் வைத்ததில் கிருமி திட்டுத் திட்டாக வளர்ந்து, வெளிச்சம் பட்டு மஞ்சளாகியிருந்தது.

"குஷ்டக் கிருமி குழாயில வளராது. இது தண்ணியிலயும் மீன்லயும் இருக்கறது, அதான் உடம்புச் சூட்டுல வளரல. டி.பி.க்கும் குஷ்டத்துக்கும் பங்காளி. ஆனா ஆள் விட்டு ஆள் ஒட்டாது."

"வலைய தொடலாமா சார்?" என்று கேட்டார் அண்ணன்.

"புண் மூடட்டும். அப்புறம் தொடலாம்."

டி.பி. மாத்திரையே கொடுத்தார்கள். மாத்திரையின் சாயத்தில் மூத்திரம் சிவப்பாகப் போனது. பயந்து நிறுத்தப் பார்த்தார். நான் விடவில்லை. மாதக்கணக்கில் விழுங்கினார். முழங்கைப் பக்கம் இருந்த கட்டிகள் முதலில் வற்றின. விரலில் இருந்தது கடைசி.

மழை முடிந்து ஒரு விடியற்காலை அண்ணன் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாடா, வலிக்குதா?"

இவர் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் வலிக்குது அண்ணாத்த."

"அப்போ உணர்ச்சி கீது. வா."

மரம் திரும்பியதும் வலையைக் கரைக்கு இழுத்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த கைகளை எண்ணினேன்.

எட்டு.