துருவக் கதை சொன்னவரோடு சியெரா பனிமலைக்கு

கலிபோர்னியாவின் பே ஏரியாவிலிருந்து ஒரே நாளில் பனிநடைக்குப் போய்வருவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போய்வந்தேன். உடனே எழுத உட்கார்ந்திருந்தால் பாதிக்கு மேல் வசவாக இருந்திருக்கும் என்பதால் ஆறப்போட்டேன். ஆறவில்லை. அப்படியே எழுதிவிடுகிறேன்.

பிளசன்டனில் எங்களுக்கு ஒரு சின்னத் தமிழ்க் குழு உண்டு. மாதம் ஒருமுறை யாராவது ஏதாவது பேசுவார்கள். முரளி பேசுகிற அன்று மட்டும் நாற்காலி பற்றாது. ஒரு மென்பொருள் நிறுவனத்தில் உயர்பதவியில் இருப்பவர், ஐம்பது வயது, கணீரென்ற குரல். ஜனவரியில் அவர் பேசியது அன்டார்டிகாவைப் பற்றி. நூறு வருடங்களுக்கு முன் கப்பல் பனியில் இறுகி நொறுங்கிய பிறகும், கப்பலில் இருந்த அத்தனை பேரையும் உயிரோடு ஊர்சேர்த்த ஒரு தலைவரின் கதை. எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

முடிவில், "தியரி போதுங்க. நாமளே ஸ்னோல இறங்கி லீடர்ஷிப்னா என்னன்னு பார்த்துடலாம். யார் யார் வர்றீங்க?" என்றார். நான் கைதூக்கினேன். கார்த்திக்கும் அவர் மனைவி வித்யாவும் தூக்கினார்கள். பக்கத்திலிருந்த ஜெயந்தி அக்காவும் தூக்கினார். யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து ஊரான லிவர்மோரில் நர்ஸ். "இத்தனை வருசமாக் கலிபோர்னியாவில இருக்கிறன், ஸ்னோவில இன்னும் கால் வைக்கேல்லை தங்கச்சி" என்று என் காதில் சொன்னார்.

பிளசன்டனிலிருந்து 680-ஆம் நெடுஞ்சாலை, பிறகு 80 பிடித்துக் கிழக்கே சியெரா மலைக் கணவாய்வரை சுமார் 170 மைல். சாலை காய்ந்திருந்தால் மூன்று மணி நேரம். காலை ஐந்துக்குக் கிளம்பினோம். ஐந்து பேரும் முரளியின் பெரிய வண்டியிலேயே போனோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், காரணம் பின்னால் வருகிறது. வழியிலேயே ஸ்னோஷூ வாடகைக்கு எடுத்தோம். பூட்ஸுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் அகலமான சட்டம் அது, ஆளுக்கு முப்பது டாலர் ஆனது. வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், மலையில் கிடைக்காது.

நண்பகலுக்குப் பிறகு கடும் பனிப்பொழிவு என்று வானிலை அறிக்கை சொன்னது. காரில் முரளியிடம் போனை நீட்டிக் காட்டினேன்.

"ஃபோர்காஸ்ட்காரங்க எப்பவும் கொஞ்சம் ஓவராத்தான் சொல்லுவாங்க. அதுக்குள்ள போயிட்டு வந்துடலாம்."

இலக்கு, காட்டுக்குள் மூன்று மைல் தள்ளியிருந்த ஒரு மரக்குடில். முதல் மைல் சொர்க்கம். பைன் மரங்கள், நீலவானம், சத்தமே இல்லாத வெள்ளை. ஜெயந்தி அக்கா பனியை அள்ளிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது மைலில், பனிக்கு அடியில் ஒளிந்திருந்த ஓடைக்குள் அவர் வலதுகால் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்துத் தூக்கினோம். பூட்ஸிலிருந்து தண்ணீர் கொட்டியது. வானமும் சாம்பல் நிறமாகியிருந்தது.

"முரளி, என்ர விரலெல்லாம் விறைக்குது. எனக்கு இனி ஏலாது" என்றார்.

"ஜெயந்தி, எல்லாம் மைண்ட்லதான் இருக்கு. இன்னும் ஒரு மைல்தான். புஷ் பண்ணுங்க."

"திரும்பிடலாம் முரளி, அவங்களுக்கு கால் நனைஞ்சிருக்கு" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, கூட்ட மேடையில் பேசுகிற அதே குரலில், "ஓகே, ரெண்டு டீமா பிரிஞ்சுக்கலாம். நீங்க ரெண்டு பேரும் மெதுவா வாங்க. நாங்க முன்னாடி போய் குடில்ல அடுப்பு பத்த வைக்கிறோம்" என்றார். கார்த்திக்கையும் வித்யாவையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். அடுப்பு அவர் பையில். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவி அவர் தோளில். கார் சாவி அவர் சட்டைப்பையில்.

அவர்கள் மரங்களுக்குள் மறைந்த கொஞ்ச நேரத்தில் பனி கொட்ட ஆரம்பித்தது. முன்னால் போனவர்களின் தடம் கண்ணெதிரே நிரம்பிக்கொண்டு வந்தது. "நாம திரும்பலாம் அக்கா" என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் கால் தரையில் படுவதே தெரியவில்லை என்றார்.

முரளியின் பேச்சைக் கேட்ட பிறகு, நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து நானே அந்தத் துருவப் பயணங்களைப் பற்றிப் படித்திருந்தேன். உறைந்த பாதத்தை உடனிருப்பவரின் வயிற்றில் வைத்துச் சூடேற்றுவார்கள் என்று அதில் இருந்தது. ஒரு பெரிய மரத்தடியில் அவரை உட்காரவைத்து, நனைந்த காலுறையை உருவினேன். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. என் ஜாக்கெட்டைத் திறந்து சட்டையை விலக்கினேன்.

"ஐயோ! உன்ர வயித்திலயே காலை வைக்கிறது? விசரே உனக்கு?"

"வைங்க அக்கா."

ஐஸ்கட்டியை வைத்ததுபோல மூச்சு நின்றுவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வலியாலா, கூச்சத்தாலா என்று நான் கேட்கவில்லை. விரல்களில் கொஞ்சம் உணர்வு வந்ததும் என்னுடைய உபரிக் காலுறையை மாட்டிவிட்டேன். நாங்கள் வந்த தடம் மரங்களுக்கு அடியில் மட்டும் இன்னும் மிச்சமிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, இறங்கினோம்.

வண்டி பூட்டியிருந்தது.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்த கோபத்தை எழுத என்னிடம் சொல் இல்லை. நல்லவேளை, பிள்ளைகளோடு சறுக்கி விளையாட வந்த ஒரு மெக்சிகன் குடும்பம் கிளம்பிக்கொண்டிருந்தது. எங்களைத் தங்கள் வேனில் ஏற்றி ஹீட்டரைப் போட்டார்கள். பனி கூடினால் ஃப்ரீவேயை மூடிவிடுவார்கள் என்று தெரிந்தும் எங்களை விட்டுப் போகவில்லை. இரண்டு மணி நேரமாகியும் முரளி வராததால் அவசர உதவிக்கு 911-ஐ அழைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று உருவங்கள் பனிக்குள்ளிருந்து தள்ளாடி வெளிப்பட்டன.

"பாத்தீங்களா, நீங்களாவே வந்து சேர்ந்துட்டீங்க! இதான் டீம்!" என்றார் முரளி.

"சாவியக் குடுங்க" என்றேன். வேறு எது பேசினாலும் கையை நீட்டியிருப்பேன். வித்யா என் தோளில் சாய்ந்து விம்மினாள். "திரும்பலாம் திரும்பலாம்னு கெஞ்சினேன் அக்கா. போட்டோ எடுக்காம நகரமாட்டேன்னுட்டார்."

ஜெயந்தி அக்காவின் இரண்டு கால்விரல்களில் கொப்புளம் வந்தது, சுண்டுவிரல் நுனி கறுத்துப்போனது. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர், வாரக்கணக்கில் விடுப்பில் இருந்தார். அவர் மருத்துவமனையில் இருந்த அன்று முரளி குழுவின் வாட்ஸப்பில் குடில் படத்தைப் போட்டு எழுதினார்: "ஐந்து பேர் போனோம். ஐந்து பேர் திரும்பினோம். அதுதான் தலைமை." கீழே வரிசையாகக் கைத்தட்டல்கள்.

அந்தத் துருவத் தலைவர் என்ன செய்தார் என்று முரளி படித்திருக்கிறாரா? கப்பல் போனதும், அன்டார்டிகாக் கண்டத்தைக் குறுக்காகக் கடக்கும் கனவை அங்கேயே விட்டார். கதகதப்பான தோல் உறக்கப்பைகளைச் சாதாரண மாலுமிகளுக்குக் கொடுத்துவிட்டு மட்டமானதில் தான் படுத்தார். தன் கையுறையைக் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுத்தார். அவரும் தவறே செய்யாதவர் இல்லை. கண்டத்தின் மறுபக்கத்தில் அவருக்காக உணவு வைக்கப்போன குழுவில் மூன்று பேர் செத்தார்கள், அந்த உணவை எடுக்க அவர் வரவேயில்லை. இதை எந்த லீடர்ஷிப் பேச்சிலும் சொல்லமாட்டார்கள்.

மார்ச் கூட்டத்தில் முரளி மறுபடி மேடையேறி, வாட்ஸப்பில் எழுதிய அதே வரியைச் சொன்னார். நான் எழுந்திருக்கும் முன் ஜெயந்தி அக்கா எழுந்துவிட்டார், காலில் கட்டோடு.

"ஐஞ்சு பேரும் திரும்பினது உங்களாலை இல்லை முரளி. உங்களைக் கேக்காமல் நாங்கள் திரும்பினதாலை."

யாரும் கைதட்டவில்லை. முரளி தண்ணீர் குடித்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். அவருடைய அடுத்த பயணத்துக்கு இப்போதே இடம் நிரம்பிவிட்டதாகக் கேள்வி.

போகிறவர்கள் போங்கள், அந்த மலை அழகானது. இரண்டு வண்டியில் போங்கள், சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கவேண்டாம். உபரிக் காலுறை ஆளுக்கு இரண்டு ஜோடி. எத்தனை மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். "திரும்பலாம்" என்று ஒருவர் சொன்னாலும் எல்லாரும் திரும்ப வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அவரோடு போகாதீர்கள்.

ஏப்ரல் முதல் வாரம் அக்காவும் நானும் மட்டும் மறுபடி போனோம், ஒரு தட்டையான புல்வெளிக்கு. அரைமைல்கூட நடக்கவில்லை, "விரல் குத்துது" என்றார். திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு, கட்டிக்கொண்டு போன புட்டைச் சாப்பிட்டோம். போட்டோ எடுக்க இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை.