தாடியில் எண்ணெய் பட்ட புலவர்

கொல்லிமலையில் அப்பா வாத்தியாராக இருந்த பள்ளிக்கு ஒரே அறை, ஒரே நீளச் சுவர். நானும் அங்கேதான் படித்தேன். முந்தைய ஆண்டு வந்த இன்ஸ்பெக்டர், அடுத்த முறையும் அறை காலியாக இருந்தால் பள்ளியை மூடிவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார். பிள்ளைகளோ சாமைக் காட்டில் களை எடுக்கப் போனார்கள். வந்த சிலரும் அப்பா பழம்பாட்டைத் தொடங்கியதும் தூங்கினார்கள். நானும் தூங்கியிருக்கிறேன்.

இந்த மலையைப் பாடிய அந்தக் காலத்துப் புலவர் ஒருவரைச் சுவரில் கம்பீரமாக எழுதி வைத்தால் பிள்ளைகளுக்குப் பயபக்தி வரும் என்று அப்பா நினைத்தார். காளப்பநாயக்கன்பட்டியில் கடைப் பலகைகளுக்குச் சித்திரம் எழுதும் மாமாவை, அதாவது அம்மாவின் தம்பியை, வரவழைத்தார். மாமா மழையில் அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து நடந்தே ஏறி வந்தார். வந்ததும் கெண்டைக்காலிலிருந்து அட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அம்மா கொடுத்த பலாச்சுளைகளைத் தின்றார். பிறகு கரியையும் செம்மண்ணையும் குழைத்து வேலையில் இறங்கினார்.

சாயங்காலம் அப்பா வந்து பார்த்தபோது சுவரில் புலவர் பாறைமேல் உட்கார்ந்திருந்தார். வேட்டி தொடைக்கு ஏறியிருந்தது. கக்கத்தில் ஏட்டுக்கட்டு. ஒரு கை காலிலிருந்த அட்டையை இழுக்க, அது கயிறு மாதிரி நீண்டது. மறு கை, பலாப்பாலில் ஒட்டிக்கொண்ட தாடியைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, இதென்ன கூத்து? அவரு எப்பேர்ப்பட்ட புலவரு!"

"ஏனுங்க மச்சான், மலையப் பாடோணும்னா மலை ஏறித்தானே வந்திருப்பாரு? புலவர்னு தெரிஞ்சா அட்டை கடிக்காம உட்டுருமுங்களா?"

வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிவர அப்பா மாமாவையே கீழே விரட்டினார். அவர் திரும்ப நாலைந்து நாள் ஆயிற்று. அதற்குள் செய்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. பிள்ளைகள் வந்தார்கள், பின்னாலேயே பெற்றவர்களும் வந்தார்கள். அட்டையை இழுக்கக் கூடாது, புகையிலைத் தண்ணீர் விட வேண்டும் என்று ஒருவர் புலவருக்கு உரக்கச் சொல்லிக்கொடுத்தார். மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் கொட்டாங்குச்சியில் விளக்கெண்ணெயோடு வந்தாள். "பலாப்பால இப்படிப் பிச்சா வருமா சாமி? முடிதான் வரும்" என்று புலவரைக் கடிந்தபடியே தாடி முழுக்கத் தடவிவிட்டுப் போனாள்.

"ஏனுங்க வாத்தியாரே, அட்டை கடிச்சதையும் பாடுனாருங்களா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"இல்லடா, அருவியத்தான் பாடுனாரு."

"இத்தனை கடி வாங்கிட்டு அருவியவா பாடுனாரு! அதச் சொல்லுங்க, கேப்போம்."

அப்பா சொன்னார். யாரும் தூங்கவில்லை.

சுண்ணாம்பு மூட்டையோடு மாமாவும், அவருக்குச் சற்று முன்னால் இன்ஸ்பெக்டரும் ஒரே நாளில் மலையேறி வந்து சேர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்த வேகத்தில் சுவரோரம் கிடந்த நாற்காலியில் சாய்ந்து, கால்சட்டையைச் சுருட்டிவிட்டு ஓர் அட்டையை இழுத்தார். அது கயிறு மாதிரி நீண்டது. பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி சுவரைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது நான்தான். அப்பா என்னை முறைத்தார்.

இன்ஸ்பெக்டர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அட்டையை விட்டுவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"யாரு இவரு?"

அறை முழுவதும் ஒரே குரலில் அருவிப் பாட்டைச் சொல்லி முடித்தது. அந்தப் பையன் மட்டும், "இழுக்காதீங்க சாமி, புகையிலத் தண்ணி உடோணும்" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் எழுந்து கால்சட்டையை இறக்கிவிட்டார். "பள்ளிக்கூடம் இருக்கட்டும் வாத்தியாரே. செவுத்துக்கு மட்டும் வெள்ளை அடிச்சுருங்க."

அப்பா சொன்ன சொல் தட்டாதவர். அன்றைக்கே சுண்ணாம்பை நீற்றினார். மறுநாள் அடித்தும் முடித்தார். சுவர் பளிச்சென்று ஆனது, புலவர் இருந்த இடம் தவிர. எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு ஒட்டாது என்று அம்மாவிடம் வருத்தத்தோடு சொன்னார். நான் நம்பினேன். பொங்கலுக்கு அடித்தபோதும் அதையே சொன்னார், அப்போதும் நம்பினேன். எண்ணெய் தடவியது தாடியில் மட்டும்தான். வேட்டியிலும் பாறையிலும் அட்டையிலும்கூடச் சுண்ணாம்பு ஏன் ஒட்டவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.