ஒருவழி டிக்கெட்டில் எஸ்ஸெகிபோ

என் கணவருக்கு ஓர் ஆற்றின் மேல் பைத்தியம். காவிரி அல்ல, பவானியும் அல்ல. தென்னமெரிக்காவில், கயானா நாட்டுக் காட்டுக்குள் ஓடும் எஸ்ஸெகிபோ. டெக்சாஸில், எங்கள் ரவுண்ட் ராக் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே அதன் மேப்பை ஒட்டி வைத்திருந்தார். நான் எவ்வளவு கத்தியும் எடுக்கவில்லை.

அந்த ஆற்றின் மேல்பக்கம் பெரிய ஏரி இருக்கிறது, கரையில் தங்க நகரம் இருக்கிறது என்று நம்பி ஐரோப்பியர்கள் படகு கட்டிக்கொண்டு போனார்களாம். யாருமே பார்க்காத ஏரியை மேப்பில் வரைந்தும் வைத்தார்கள். பல தலைமுறை கழித்துப் போய்ச் சேர்ந்தவர்கள் கண்டது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் வெறும் புல்வெளி.

"நம்ம கிரீன் கார்டு மாதிரிதான். மேப்புல இருக்கும், போய்ப் பார்த்தா இருக்காது" என்று சிரிப்பார்.

"அருவி வந்தா படகைத் தூக்கிச் சுமந்தது அந்த ஊர் சனம். கண்டுபிடிச்சேன்னு பேர் போட்டுக்கிட்டது வெள்ளைக்காரன். அவனைப் போய் மெச்சிக்கிட்டு!" என்பேன்.

"அதை விடு. அவனை யாராவது விசா கேட்டாங்களா பாரு" என்பார்.

ஹூஸ்டனிலிருந்து கயானாவுக்கு ஒரே விமானம்தான். ஆனால் அமெரிக்காவை விட்டு வெளியே போனால், திரும்பி வர பாஸ்போர்ட்டில் புதிதாக விசா ஸ்டாம்பிங் வாங்க வேண்டும். அதில் மாட்டிக்கொண்டால் வேலை, வீடு, பையன் படிப்பு எல்லாம் அந்தரத்தில். "கார்டு வரட்டும், போலாம்" என்று ஒவ்வொரு கோடை விடுமுறையும் கழிந்தது. கார்டு வரவில்லை. போன பிப்ரவரியில் ஒரு நாள் காலை, வழக்கம்போல் "போயிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஆபீசிலிருந்து வந்து, கராஜில் காரை நிறுத்தி இறங்கியவர் அங்கேயே விழுந்தார். மாரடைப்பு.

அவருடைய விசாவைப் பிடித்துக்கொண்டுதான் நானும் இங்கே இருந்தேன். அவர் போனதும் எனக்கும் இடமில்லை. இங்கேயே பிறந்து காலேஜில் படிக்கும் மகன் மட்டும் இருக்கலாம்.

ஈரோட்டிலிருந்து கொழுந்தனார் போன் செய்தார். "அஸ்தியை எடுத்துட்டு வந்துருங்க அண்ணி. பவானி கூடுதுறையில கரைச்சுடலாம். அம்மாவும் அதைத்தான் சொல்லுது."

சரி என்றேன். வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்று மேப்பை உரிக்கப் போனேன். ஒரு மூலையில் டேப்பை உரித்தபோதுதான் உறைத்தது. திரும்பி உள்ளே விடமாட்டார்களோ என்ற பயம்தான் எங்களை இத்தனை வருஷம் கட்டிப்போட்டது. இப்போதோ நான் திரும்பி வரப்போவதே இல்லை. அப்புறம் என்ன பயம்? கொழுந்தனாரை மறுபடி கூப்பிட்டு, எஸ்ஸெகிபோவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன்.

"வாயில நுழையாத பேரு. அந்த ஆத்துலயா அண்ணனைக் கரைப்பீங்க?"

"உங்க அண்ணன் வாயில தினம் நுழைஞ்ச பேருதான் தம்பி. பாதி அங்கே, மீதி கூடுதுறைக்கு."

"ஐம் கமிங் வித் யூ, அம்மா" என்றான் மகன்.

விமானத்தில் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் கயானா. இவ்வளவு பக்கத்திலா இருந்தது என்று வயிறு எரிந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பையனிடம் எரிந்து விழுந்தேன். அவன் என் கைப்பையை வாங்கிக்கொண்டான்.

எஸ்ஸெகிபோ பழுப்பாக, அக்கரை தெரியாத அகலத்தில் கிடந்தது. நடு ஆற்றில் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார். மகன் குனிந்து சாம்பலைத் தண்ணீரில் விட்டான்.

"ஏனுங்க, போயிட்டு..." என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன். வெறுமனே போங்க என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் சொல்ல மாட்டோம். ஆனால் திரும்பி வரணுமே என்ற பயத்தில்தானே மனுஷன் போகாமலே இருந்தார்.

"போங்க" என்றேன்.