நில்டாவின் நாக்கு

உருகுவே நாட்டு மாண்டவிடியோ நகரில், பலேர்மோ பேட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள், வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் மூன்று தெரு தள்ளியிருக்கும் சூப்பர் மார்க்கெட்டை எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். நேரே, சீஸும் எண்ணெயும் ஊறுகாயும் விற்கும் நில்டா எச்செகோயனின் கடைக்குத்தான். சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பதில் பாதிதான் இங்கே உண்டு, விலையும் கூடுதல். ஆனாலும் வருவார்கள். நில்டா தன் வாயில் போட்டுப் பார்க்காத எதுவும் அந்த அலமாரியில் ஏறாது என்பது இருபத்தாறு வருடமாக ஊர் அறிந்த சங்கதி. "இன்னைக்கு எது நல்லா இருக்கு?" என்பார்கள். அவள் ஒரு துண்டு வெட்டிக் கத்தி நுனியிலேயே நீட்டுவாள். வியாபாரம் அத்தனைதான்.

அந்த நாட்டில் ஜூன்தான் குளிர்காலம்; அந்தக் குளிரில் நில்டாவுக்கு வந்த காய்ச்சல் ஒரு வாரத்தில் போனது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் காபியை முகர்ந்தால் ஆவியின் சூடு மட்டும் தெரிந்தது. நாக்கில் உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்பும் மிச்சம். மற்றதெல்லாம் நனைந்த அட்டையை மென்றதுபோல. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர், மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொல்லிவிட்டால் அப்புறம் இந்தக் கடைக்கு எதற்கு வரவேண்டும்? அதனால் நான்கு மாதமாக நடித்தாள். சீஸை விரலால் அழுத்திப் பார்த்தாள். சரக்கு கொண்டுவருபவன் கண்ணைப் பார்த்தாள். துண்டை வாங்கித் தின்பவர்களின் முகத்தைப் பார்த்தாள். முகம் முகமாகப் பார்த்தே மாலைக்குள் கழுத்து கடுத்துப்போகும்.

ஆகஸ்டில் மாடிவீட்டு சுல்மா ஒரு ஆலிவ் எண்ணெய் பாட்டிலோடு இறங்கி வந்தாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள், மெதுவாகப் பேசத் தெரியாதவள். அன்றைக்கு மட்டும் குரலைத் தணித்து, "நான்தான் வெயில்ல வச்சுட்டேன் போல நில்டா, காறல் அடிக்குது" என்றாள். நில்டா அவளைத் திருத்தவில்லை. அதே பெட்டியிலிருந்து ஏற்கனவே பதினான்கு பாட்டில் போயிருந்தது. பதினான்கு வீட்டில் ஒருவர்கூட வந்து கேட்கவில்லை. நம்மிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். அது நில்டாவை அரித்துக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை என்றால் எல்பியோ கார்லன் வருவார். நுவேவா எல்வேசியா என்ற ஊரில் சொந்தப் பண்ணை, சொந்த மாடு, அவர் கையாலேயே செய்த சீஸ். நில்டா ஒரு குழல்கம்பியைச் சக்கரம்போல் வட்டமான சீஸ் கட்டிக்குள் செருகித் திருகி எடுப்பாள். கம்பியை மூக்கருகே கொண்டுபோவாள், ஒரு துளி கிள்ளி வாயில் போடுவாள், மிச்சத்தைத் திரும்பச் செருகி ஓட்டையை அடைப்பாள். பிடிக்காவிட்டால் "வேண்டாம்" என்று ஒரே சொல். இதுவரை பதினொரு முறை அப்படி ஆகியிருக்கிறது. அவரும் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

அக்டோபரின் இரண்டாவது வியாழன் அவர் ஒரே ஒரு சக்கரம்தான் கொண்டுவந்தார். நில்டா கம்பியை எடுத்தாள், முகர்ந்தாள், மென்றாள். உப்பு சரியாக இருந்தது. மிருதுவாகவும் இருந்தது.

"பிரமாதம். லேசா வேர்க்கடலை வாசம்கூட வருது" என்றாள்.

எல்பியோ சக்கரத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "இன்னொரு தடவை பாருங்க, நில்டா அம்மா."

"எதுக்கு? இத்தனை வருசமா உங்க சரக்கு எனக்குத் தெரியாதா?"

அதற்குள் சுல்மா தெர்மோஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, கடைக்குள்ள அடுப்பு எப்போ வச்ச? பூண்டு வதக்குற வாடை தெரு முனை வரைக்கும் தூக்குது!"

நில்டா சிரிக்கப் பார்த்தாள். எல்பியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வசந்தம் வந்ததும் மாடுங்க வேலி தாண்டிப் போய்க் காட்டுப் பூண்டை மேஞ்சிருச்சுங்க. பால் பூரா அதே நாத்தம். பன்னிக்குப் போடுன்னா என் பொண்ணு. வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு எடுத்துட்டு வந்தேன். நீங்க வேண்டாம்னு சொல்லிருவீங்க, மரியாதையா திரும்பிப் போயிரலாம்னு நெனச்சேன்" என்றார்.

நில்டா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சமாளித்திருக்கலாம். சுல்மா நம்பிவிடுவாள், நம்புவதற்குத் தயாராகத்தான் நின்றாள். ஆனால் நில்டாவுக்கு இன்னொரு பொய்யைத் தூக்கி நிறுத்தத் தெம்பில்லை. கம்பியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு மூக்கு இல்ல. ஜூன்லேர்ந்து."

"அப்போ அந்த எண்ணெய்?"

"ஆமா சுல்மா. நீ வெயில்ல வைக்கல."

சுல்மா அவளையே பார்த்தாள். "பாவி. எங்க வீட்டு அலமாரியையே இடம் மாத்தினேன்டி!" குரல் பழையபடி ஏறிவிட்டது. "வேற யாருக்கெல்லாம் வித்த?"

"பதினாலு பேருக்கு."

"பேர் ஞாபகம் இருக்கா?"

"எல்லார் பேரும் இருக்கு."

"அப்போ நீதான் போய்ச் சொல்லணும். நான் கூட வர்றேன், வாசல்ல நிப்பேன். பேச மாட்டேன்."

"நீயா பேச மாட்ட!" என்றாள் நில்டா. கடை திறந்திருக்கும் நேரத்தில் உட்காராதவள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எல்பியோ பூண்டுச் சக்கரத்தைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு வந்தார். யாரும் கேட்காமலே ஒரு காலிப் பெட்டியைத் தரையில் வைத்து, கடைசி அலமாரியிலிருந்து ஆரம்பித்தார். எண்ணெய், ஆலிவ், காளான் ஊறுகாய், தொத்திறைச்சி என்று வகைக்கு ஒன்றாகத் திறந்து முகர்ந்தார். நல்ல வகையை அலமாரியிலேயே விட்டார். மற்றது பெட்டிக்குள் போனது.

"எனக்குப் பால் சமாச்சாரம்தான் தெரியும்" என்றார் நடுவில். "மீனெல்லாம் சுல்மா அம்மா பார்க்கட்டும்."

"நான் எதையும் தின்பேன், ஆனா கெட்டுப்போனதைத் தின்ன மாட்டேன்" என்று சுல்மா கையைக் கழுவப் போனாள்.

பெட்டி பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. நில்டா எண்ணவில்லை. கதவு திறந்து, எதிர்வீட்டு நோட்டரி லுகார்தோ உள்ளே வந்தார். பெட்டியைப் பார்த்தார், கையில் திறந்த பாட்டிலோடு நிற்கும் எல்பியோவைப் பார்த்தார்.

"என்ன இது, கடையை மூடறீங்களா? உப்பு நெத்திலி ஒரு டப்பா வேணும். நல்லா இருக்குல்ல?"

"தெரியாது" என்றாள் நில்டா. "அந்த வரிசைக்கு இன்னும் வரல. அஞ்சு நிமிசம் உட்காருங்க. உங்களுக்கு ஒரு விஷயமும் சொல்லணும், ஆகஸ்டுல வாங்கின எண்ணெயைப் பத்தி."

லுகார்தோ உட்கார இடம் தேடினார். இருந்தது ஒரு ஸ்டூல்தான். நில்டா எழுந்து அதை அவர் பக்கம் தள்ளினாள்.